கேரோ நகரின் பழைய படங்களைத் தெருமுனை வாரியாக அடுக்குங்கள்: ஒரு திறந்த மடல்

இல்லினாய் மாநிலம் கேரோ நகர மன்றத்தார், சாஃபோர்டு நினைவு நூலகத்தின் அறங்காவலர்கள், சுங்க மாளிகை அருங்காட்சியகத்தைப் பேணுவோர், நகரத்தின் பழைய படங்களைத் தங்கள் வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தார் ஆகிய அனைவருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

உங்கள் நகரின் கட்டடங்களையும் அடையாளச் சின்னங்களையும் காட்டும் பழைய ஒளிப்படங்கள் பல கைகளில், பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலையை யார் எப்போது எடுத்துச் செய்தாலும், மாளிகைகள் ஒரு பெட்டி, கடைவீதி ஒரு பெட்டி, குடிமை உரிமைப் போராட்டம் வேறொரு பெட்டி என்று பொருள் வாரியாகப் பிரிக்காமல், படம் எடுக்கப்பட்ட இடத்தின்படி, தெருமுனை தெருமுனையாக அடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

இம்மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே அஞ்சலில் வருகிறது. அதைத் தமிழிலும் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதே மாநிலத்தின் வடபகுதியில் குடியேறி வாழும் தமிழர்களில் நானும் ஒருவன். எங்களில் பலர் கேரோவைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் பாழடைந்த கடைகளைச் சுற்றிக் காட்டும் காணொளிகளைப் பார்த்திருக்கிறார்கள். ‘பேய் நகரம்’ என்ற தலைப்போடு அவை எங்கள் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15,203 பேர் வாழ்ந்த ஊரில் 2020இல் 1,733 பேரே இருந்தார்கள் என்பது மெய்தான். ஆயினும் அந்த 1,733 பேரும் மனிதர்கள். அவர்களுடைய நகரம் ஏன் இப்படி ஆனது என்பதற்கான விடை பழைய படங்களில் இருக்கிறது. அந்தப் படங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள விடாமல் தனித்தனியாகக் காட்டப்படுவதால்தான் விடை கண்ணில் படாமல் போகிறது.

ஒஹையோ ஆறு மிசிசிப்பியோடு கலக்கும் முனையில், இரு பெருநதிகளுக்கு நடுவே, கரைகளுக்கும் வெள்ளத் தடுப்புச் சுவருக்கும் உள்ளே அமைந்த ஊர் இது. 1861 செப்டம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடபுலத் தளபதி யூலிசிஸ் கிராண்ட் தம் படைத் தலைமையகத்தை இங்கேதான் அமைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வந்த பணத்தில் எழுந்த கட்டடங்களே இன்றும் அதிகம் படமெடுக்கப்படுகின்றன. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையை அடுத்துள்ள பிரம்மாண்டமான அரசு அலுவலகக் கட்டடத்தை வடிவமைத்த ஆல்ஃபிரட் மல்லெட்தான் 1872இல் முடிந்த உங்கள் சுங்க மாளிகையையும் வடிவமைத்தார். மாவு வணிகர் சார்ல்ஸ் காலிகர் கட்டிய மக்னோலியா மேனர், அதற்கு எதிரே கப்பல் தலைவர் ஹாலிடே கட்டிய ரிவர்லோர் ஆகிய இரு மாளிகைகளும் நிற்கின்றன. கணவர் ஆல்ஃபிரட் சாஃபோர்டின் நினைவாக ஆன்னா சாஃபோர்டு 1884இல் நகருக்கு வழங்கிய நூலகத்தின் முகப்பில், வாசலின் இருபுறமும் மாடக்குழிகளில் கிளியோ, கான்கார்டியா சிலைகள் இருக்கின்றன. கிளியோ வரலாற்றின் தேவதை, கான்கார்டியா இணக்கத்தின் தேவதை. அந்த வாசலைப் படமெடுத்தவர்கள் எல்லாரும் அவ்விரு சிலைகளையும் படச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டிருப்பது தெரிகிறது.

இவை யாவும் அழகான படங்கள். 1943இல் தீக்கிரையான ஹாலிடே ஹோட்டலின் படங்களும், ஜார்ஜ் மோரிசன் வடிவமைத்து 1889இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் படங்களும், 1910இல் தொடங்கி 1978இல் மூடப்பட்ட ஜெம் திரையரங்கின் படங்களும் அவ்வாறே. அவற்றைப் பார்த்து மகிழ்வதில் எனக்கும் பங்கு உண்டு. என் வருத்தம் அவற்றின் கீழே எழுதப்படும் ஒற்றை வரியைப் பற்றியது. ‘கமர்ஷியல் அவென்யூ, கேரோ, பழைய நாட்களில்’ என்று எழுதிவிட்டால் எந்த நாள், யாருடைய நாள் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

எட்டாம் தெருவும் கமர்ஷியல் அவென்யூவும் சந்திக்கும் முனையை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாலைக்குக் குறுக்காக, நகர வணிகர்களின் பெருமிதத்துக்குச் சின்னமாக, ஹஸ்லர்ஸ் ஆர்ச் எனப்பட்ட ஓர் அலங்கார வளைவு நின்றது. இரவில் அதன் உடல் முழுவதும் மின்விளக்குகள் எரியும். ஒரு சிறிய நகரத்துக்கு மின்சாரம் என்பதே செல்வத்தின் அடையாளமாக இருந்த காலம் அது. ஆகவே அந்த வளைவு அஞ்சலட்டைகளில் ஏறியதில் வியப்பில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த கடைவீதிப் படங்களுக்கு அச்சகத்தார் வண்ணம் தீட்டினார்கள். தந்திக் கம்பிகளை அழித்தார்கள். வானத்துக்கு நீலம் பூசினார்கள். அக்கால அஞ்சலட்டைத் தொழிலில் இது எல்லா ஊருக்கும் நடந்த வழக்கமான வேலை. ஊரைப் பற்றி ஊரே சொல்லிக்கொள்ள விரும்பிய செய்தி இந்த வண்ணப் படங்களில் இருக்கிறது.

1909 நவம்பர் 11ஆம் நாள் இரவு, அதே வளைவில், வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று தூக்கிலிட்டார்கள். ஒரு வெள்ளைப் பெண்ணைக் கொன்றார் என்று குற்றம் சாட்டப்பட்டுக் காவலில் இருந்தவரை, விசாரணை எதுவும் நடப்பதற்கு முன்பே ஷெரீஃப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவரின் கையிலிருந்து பறித்து வந்திருந்தார்கள். கயிறு அறுந்து விழுந்த உடலில் குண்டுகளைப் பாய்ச்சினார்கள். பிறகு வேறிடத்துக்கு இழுத்துச் சென்று எரித்தார்கள். ஊரே பார்க்க வேண்டும் என்பதற்காகவே வளைவின் விளக்குகள் எரியவிடப்பட்டிருந்தன. அன்றிரவே, மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹென்ரி சால்ஸ்னர் என்னும் வெள்ளையரையும் சிறையிலிருந்து இழுத்து வந்து அக்கும்பல் கொன்றது. அவர் தொழிலால் ஓர் ஒளிப்படக்காரர். இவற்றுக்குப் பிறகு நடந்ததுதான் இம்மடலின் பொருளோடு நேராகத் தொடர்புடையது. அந்த இரவும் படமாக்கப்பட்டது. அஞ்சலட்டையாக அச்சாகி விற்கப்பட்டது. விளக்குகள் ஒளிரும் வளைவையும் அதன் கீழே திரண்ட மக்களையும் காட்டும் அட்டை, கட்டடக் கலையை ரசிப்பவர் கையில் கிடைத்தால் நகரின் இரவு அழகைக் காட்டும் படமாகவே தோன்றும்.

சிகாகோவிலிருந்து வந்து இக்கொலையை நேரில் விசாரித்தவர் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். கைதியைக் காக்கத் தவறிய ஷெரீஃப் பதவி இழக்க வேண்டும் என்று 1905ஆம் ஆண்டின் இல்லினாய் சட்டம் கூறியது; அவ்வாறு இழந்த பதவியை மீட்க ஷெரீஃப் ஃபிராங்க் டேவிஸ் முறையிட்டபோது, ஆளுநர் சார்ல்ஸ் டெனீன் முன் வெல்ஸ் எதிர்த்து வாதாடினார். ஆளுநர் டேவிஸுக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை. ஒரு பெண் தனியாளாக ஊருக்குள் வந்து, அச்சத்தில் இருந்த மக்களிடம் பேசிச் சான்றுகளைத் திரட்டி, சட்டத்தைச் செயல்பட வைத்த இந்த நிகழ்வும் அதே தெருமுனையின் வரலாறுதான். வண்ண அஞ்சலட்டையும் இரவு அஞ்சலட்டையும் ஒரே உறையில் இருந்தால், அவற்றோடு வெல்ஸின் பெயரும் வந்து சேரும். தனித்தனிப் பெட்டிகளில் இருந்தால் ஒன்று ஏக்கத்தையும் மற்றொன்று அதிர்ச்சியையும் தரும்; இரண்டும் ஒரே இடம், ஒரே விளக்குகள் என்பதை யாரும் அறியமாட்டார்கள்.

அந்தக் கடைவீதியின் பிற்காலப் படங்களும் இதே உறையில் வர வேண்டும். 1967 ஜூலையில் விடுப்பில் வந்திருந்த ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயது கறுப்பினப் படைவீரர் உங்கள் நகரக் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். தற்கொலை என்று அதிகாரிகள் கூறினர். கறுப்பின மக்கள் அதை நம்பவில்லை. 1969இல் உருவான ஐக்கிய முன்னணி என்ற கறுப்பின மக்கள் அமைப்பு, கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்க மறுத்த வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தைத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடத்தியது. வேலை தருவதற்குப் பதிலாகக் கடையை மூடிவிட்டுச் சென்ற வணிகர்கள் உண்டு. அந்த ஆண்டுகளை உள்ளூர்க்காரரான பிரெஸ்டன் யூயிங் தம் கேமராவில் பதிந்தார். அவர் எடுத்த மறியல் படங்களில் முன்னே நடக்கும் மனிதர்களையே நாம் பார்க்கிறோம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் தெரியும் முகப்புகள், இரு தலைமுறைகளுக்கு முன் அஞ்சலட்டைகளில் வண்ணம் பூசப்பட்ட அதே கடைவீதியின் முகப்புகள். கட்டட வரலாற்றை ஆராய்பவருக்கு யூயிங்கின் படங்கள் முதன்மையான ஆவணம். இதுவரை அவை அவ்வாறு வகைப்படுத்தப்படாதது பெரும் குறை என்றே கருதுகிறேன்.

நீச்சல் குளத்துக்கும் இது பொருந்தும். 1962 கோடையில், அப்போது மாணவராக இருந்த டேனி லயன் வழியில் வந்த வண்டிகளில் தொற்றி கேரோவுக்கு வந்து, வெள்ளையர்க்கு மட்டும் என்றிருந்த குளத்தின் முன்னே குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸும் உடன் வந்தோரும் மண்டியிட்டுப் பிரார்த்திப்பதைப் படமெடுத்தார். அந்தப் படம் சுவரொட்டியாகி நாடெங்கும் பரவியது. அதைத் தெரிந்தவர்களில் பலருக்கு அது கேரோவில் எடுக்கப்பட்டது என்பது தெரியாது. கறுப்பினக் குழந்தைகளை உள்ளே விட மனமில்லாமல் அக்குளம் மூடப்பட்டது; பின்னர் கான்கிரீட் கொட்டி நிரப்பப்பட்டது. நகரின் அடையாளச் சின்னங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும், மக்னோலியா மேனர் இருக்கும் அதே பட்டியலில் நிரப்பப்பட்ட அந்தக் குளத்தின் இடமும் இருக்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ‘ஏற்கெனவே நொந்துபோன ஊர் இது, மாளிகைகளைப் பார்க்க வரும் சிலரையும் விரட்டிவிடாதீர்கள்’ என்று நகரின் நலம் விரும்பும் எவரும் சொல்லலாம். கொல்லப்பட்டவரின் உடலைக் காட்டும் அட்டைகளைப் பள்ளிக் குழந்தைகள் கண்ணில் படும்படி வைப்பதா என்றும் கேட்கலாம். வைக்க வேண்டாம் என்பதே என் கருத்தும். அவை வேடிக்கைக்காக எடுக்கப்பட்டவை. மறுபடியும் வேடிக்கைப் பொருளாகக் கூடாது. ஆராய்வோர் கேட்டால் தரும் வகையில், உரிய விளக்கத்தோடு, மூடிய உறையில் அவை இருக்கட்டும். சுவரில் வைப்பதற்கு ஒளிரும் வளைவின் படமும் அதன் கீழே நேர்மையான நான்கு வரிகளும் போதும். இதைக் கண்டு ஊருக்கு வருவோர் குறைவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ சிறு நகரங்களில் விக்டோரியா காலத்து மாளிகை இருக்கிறது. இவ்வளவு வரலாற்றை ஒரே தெருமுனையில் காட்டக்கூடிய நகரங்கள் மிகச் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, கமர்ஷியல் அவென்யூவில் வேலை கிடைக்காத பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் உங்கள் ஊரில் வாழ்கிறார்கள். அவர்கள் குடும்பத்தின் நினைவுக்கு நகரத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பில் இடம் வேண்டும்.

இனி, படக்குறிப்பு எழுதுவது பற்றி. 1940 மே மாதம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றுக்காகக் கேரோவைப் படமெடுத்த ஜான் வஷோன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே அரசு நிறுவனத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, மற்றவர்கள் எடுத்த படங்களின் பின்புறத்தில் குறிப்புகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவர். ஆயிரக்கணக்கான படங்களின் முதுகில் எழுதி எழுதியே அவர் பார்க்கக் கற்றுக்கொண்டார். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் யாரும் பார்க்கக்கூடிய அவருடைய கேரோ படங்களில், புகழ்பெற்ற கட்டடங்களை விட்டு விலகி, சாதாரண வீதிகளில் நடக்கும் கேமராவைக் காணலாம். அந்தத் தொகுப்பில் உள்ள குறிப்புகள் பலவும் சுருக்கமானவை. ஊரும் மாதமும் இருக்கும், தெரு இராது. அந்தத் தெருவை இன்றும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஊரில் முதியவர்களாக இருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு நீண்ட மேசையைப் போட்டு, படங்களைப் பெரிதாக அச்சிட்டுப் பரப்பி, அவர்களை வாரம் ஒரு மாலை அழைத்து உட்கார வையுங்கள். இது யார் வீடு, இந்தக் கதவு வழியாக யார் போவார்கள், யார் பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தது என்று கேளுங்கள். சொல்பவரின் சொற்களிலேயே, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடும், நாளோடும் எழுதி வையுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

தேதி தெரியாத அட்டைகளுக்கு அட்டையே சாட்சி சொல்லும். அமெரிக்க அஞ்சலட்டைகளின் பின்புறத்தில் முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு வந்தது 1907 மார்ச் முதல்தான். கோடு இல்லாதவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஒளிப்படத் தாளிலேயே அச்சான அட்டைகளில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘அஸோ’ (AZO) என்ற எழுத்தும் நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருந்தால், அந்தத் தாள் ஏறத்தாழ 1904க்கும் 1918க்கும் இடைப்பட்டது. ஆகவே ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடாமல் பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். கட்டடத்தை உறுதிசெய்யத் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தயாரான சேன்பார்ன் வரைபடங்கள் உதவும். அவற்றில் செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என்று நிறங்கள் உண்டு. ஓரங்குலம் ஐம்பது அடியைக் குறிக்கும். ஒரு படத்தில் தெரியும் மரத் தாழ்வாரம் எந்த ஆண்டு வரைபடத்தில் முதன்முறை வருகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்று பார்த்தால், படம் எடுத்த காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் குறுக்கிவிடலாம்.

குடும்பங்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். படங்களின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். ஒட்டும் தாள் கொண்ட பழைய ஆல்பங்களில் படங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்த்தெடுக்க முயலாமல் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியைத் திறக்கும்போது காடி (வினிகர்) வாடை அடித்தால் உள்ளே இருக்கும் நெகடிவ் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதையே நகலெடுங்கள். 1950களுக்கு முந்திய நெகடிவ்களில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையும் இருக்கக்கூடும் என்பதால் மாடி அறையின் வெப்பத்தில் அவற்றை வைக்க வேண்டாம். மூலப் படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நூலகத்துக்குத் தேவைப்படுவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அளவில் எடுத்த நகலும், உங்கள் அனுமதியும், உங்களுக்குத் தெரிந்த செய்தியுமே.

இந்த நகல்கள் ஊருக்கு வெளியிலும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஆறு பலமுறை நினைவூட்டியிருக்கிறது. 1937 வெள்ளத்தில் ஒஹையோ 59.5 அடி வரை ஏறியபோது, சுவரின் மேல் மரப்பலகைகளை அடுக்கி உயர்த்தி ஊரைக் காத்தார்கள். 2011 மே 2ஆம் நாள் நீர்மட்டம் 61.72 அடியைத் தொட்டது. ஊரைக் காலி செய்யும்படி உத்தரவான பிறகு, எதிர்க்கரையில் பேர்ட்ஸ் பாயிண்ட் கரையை இராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துத் திறந்து, மிசூரியின் வயல்களில் வெள்ளத்தை வடியவிட்டார்கள். அன்று ஊரை விட்டுப் புறப்பட்ட வாகனங்களில் சில ஆல்பங்கள் போயிருக்கும். பல வீட்டிலேயே இருந்திருக்கும். வடக்கு நுழைவாயிலில் சாலையின் மேல் தொங்கும் அந்தப் பெரிய எஃகுக் கதவை இறக்கினால் ஊரை ஆற்றிடமிருந்து மூடிவிடலாம். உள்ளே பெருகும் ஈரப்பதத்தை அது தடுக்காது.

நகர மன்றத்தாரிடம் குறிப்பாகக் கேட்பது இடிப்பு பற்றியது. 1979இல் கேரோவின் வரலாற்றுப் பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. அப்போது நின்ற பல கட்டடங்கள் இன்று இல்லை. கூரை இடிந்து தெருவில் செங்கல் விழும் கட்டடத்தை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும் என்ற உங்கள் கவலை நியாயமானது. எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று தொலைவிலிருந்து சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. இடிப்பதற்கு முன் நான்கு பக்கங்களிலிருந்தும், எதிர்ச்சாரியிலிருந்தும், உள்ளே பாதுகாப்பாகப் போக முடிந்தால் படிக்கட்டு, கூரை, கடைப்பலகை ஆகியவற்றையும் படமெடுத்து, முகவரியும் நாளும் எழுதி நூலகத்துக்குத் தர வேண்டும் என்பதை இடிப்பு ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாகச் சேருங்கள். ஒப்பந்தக்காரருக்கு அது அரைநாள் வேலை.

இந்த விதி மாளிகைகளுக்கும் கடைகளுக்கும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. எல்ம்வுட், மெக்பிரைடு என்ற அரசு வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்று மத்திய வீட்டுவசதித் துறை 2017இல் அறிவித்தது. பின்னர் அக்கட்டடங்களும் இடிக்கப்பட்டன. அவற்றுக்கு மல்லெட் போன்ற வடிவமைப்பாளர் இல்லை, அஞ்சலட்டை இல்லை. ஆனால் அங்கே பிறந்தநாள் கொண்டாடியவர்களின் படங்களில் அந்தச் சமையலறைகளும் வாசற்படிகளும் துணி உலர்த்தும் கம்பிகளும் இருக்கின்றன. அக்குடும்பங்களில் பல இப்போது வேறு ஊர்களில், வேறு மாநிலங்களில் வாழ்கின்றன. முகவரிகள் மறைவதற்கு முன் அவர்களுக்கு எழுதி அந்தப் படங்களின் நகலைக் கேளுங்கள். தெருமுனை வாரியான தொகுப்பில் முதல் உறைகளாக அவற்றைத் திறவுங்கள். ஸ்கேன் எடுப்பதற்கும் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்கும் ஆள் தேவைப்பட்டால், எங்கள் பகுதியிலிருந்து வார இறுதிகளில் வந்து உதவ நானும் என் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இல்லினாய் மாநிலத்தில் வாழும் தமிழ் வாசகர் ஒருவர்